ஓடைப் பூச்சிகளை வைத்து நீர் மாசை அறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கழிவு கலக்கும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் ஓடையின் சிற்றுயிர்களைச் சேகரித்து ஒப்பிட்டு, மாசு இருக்கிறதா, எந்த வகை மாசு, எவ்வளவு தூரம் வரை அது எட்டுகிறது என்று சொல்வதற்கான செயல்முறை இது. சிற்றுயிர்கள் என்று இங்கே சொல்வது, 0.5 மி.மீ. கண்ணியுள்ள வலையில் தங்குகிற, வெறுங்கண்ணால் பார்க்க முடிகிற, முதுகெலும்பில்லாத உயிர்களை: பூச்சிகளின் இளம்பருவங்கள், நத்தைகள், மட்டிகள், அட்டைகள், புழுக்கள், சிறிய இறால் வகைகள்.

பெயர் கண்டுபிடிப்பதுதான் கடினம் என்று புதியவர்கள் பயப்படுகிறார்கள். அது கொஞ்ச நாளில் பழகிவிடும். ஆய்வு வீணாவது பெரும்பாலும் அதற்கு வெகு முன்னால், வலை இன்னும் நனையாத கட்டத்தில், இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதுதான். அதனால் கீழேயுள்ள வரிசையை மாற்ற வேண்டாம்.

1. முதலில் ஒப்பீட்டு இடம்

ஒரே ஓர் இடத்தில் மாதிரி எடுத்து "இந்த ஓடை மாசுபட்டிருக்கிறது" என்று சொல்ல முடியாது. மணல் தரையுள்ள, மெதுவாக ஓடும் சுத்தமான ஓடையிலும் ஸ்டோன்ஃப்ளை (மாசைத் தாங்காத ஒரு பூச்சி; அதன் இளம்பருவம் நீரில் வாழும்) இருக்காது. அங்கே அது இல்லாமல் போனதற்கும் மாசுக்கும் தொடர்பில்லை.

குறைந்தது மூன்று இடங்கள் வேண்டும். முதலாவது, கழிவு கலக்கும் வாய்க்கு மேலே. இரண்டாவது, கீழே, கழிவு ஓடையின் முழு அகலத்துக்கும் கலந்து முடிந்த இடத்தில். மூன்றாவது, இன்னும் கீழே, மீட்சி தொடங்கியிருக்கக்கூடிய தொலைவில்.

கலந்து முடிந்ததா என்பதைக் கண்ணால் தீர்மானிக்காதீர்கள். கழிவு பல நேரம் ஒரு கரையை ஒட்டியே வெகுதூரம் போகும். மின்கடத்துதிறன் மீட்டரை (நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) இடக்கரை, நடு, வலக்கரை என மூன்று இடத்தில் நனைத்துப் பாருங்கள். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் கலந்துவிட்டது. இதைச் செய்யாமல் எதிர்க்கரையில் வலை போட்டுவிட்டு "பாதிப்பே இல்லை" என்று எழுதிய அறிக்கைகள் உண்டு.

மூன்று இடங்களும் வாழிடத்தில் ஒத்திருக்க வேண்டும்: ஆழம், வேகம், கற்களின் அளவு, மர நிழல். ஆழமில்லாமல் கற்கள்மேல் சலசலத்து ஓடும் பகுதியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அங்கேதான் ஆக்சிஜன் அதிகம், உயிர்வகைகளும் அதிகம். ஆகவே இழப்பும் அங்கேதான் முதலில் தெரியும். மேலே சலசலப்பிலும் கீழே மடுவிலும் மாதிரி எடுத்தால், நீங்கள் அளப்பது மடுவுக்கும் சலசலப்புக்கும் உள்ள வேறுபாட்டைத்தான். பாலத்தின் அடி, கால்நடை இறங்கும் துறை, கிளையோடை சேரும் முனை ஆகியவற்றையும் தவிருங்கள்.

2. நாளைத் தேர்ந்தெடுத்தல்

வெள்ளம் வடிந்து குறைந்தது இரண்டு வாரமாவது போகட்டும். பெருக்கு கற்களைப் புரட்டி உயிர்களை அடித்துக்கொண்டு போயிருக்கும், சுத்தமான இடமும் வெறிச்சோடித் தெரியும். நீர் வற்றி ஓட்டம் அறுந்த காலமும் உதவாது.

பருவம் இன்னொரு பொறி. மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை போன்ற பூச்சிகள் இளம்பருவத்தில் நீருக்குள் வாழ்ந்து, முதிர்ந்ததும் நீரை விட்டுப் பறந்துவிடும். அதன்பின் சில வாரம் அடுத்த தலைமுறை முட்டையாகவோ, வலைக் கண்ணியில் நழுவும் அளவுக்குச் சிறிதாகவோ இருக்கும். எனவே வெவ்வேறு பருவத்து மாதிரிகளை ஒப்பிடக் கூடாது. மூன்று இடங்களையும் ஒரே நாளில் முடியுங்கள். அடுத்த ஆண்டும் செய்வதென்றால் அதே பருவத்துக்குத் திரும்புங்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

- அடிப்பக்கம் தட்டையான, 'டி' வடிவச் சட்டமுள்ள கைவலை. அகலம் சுமார் 30 செ.மீ., கண்ணி 0.5 மி.மீ. மீன்பிடி வலையோ கொசுவலையோ வேண்டாம். கண்ணி பெரிதானால் சிறியவை நழுவும், மிகவும் சிறிதானால் வண்டல் அடைத்து நீர் பின்வாங்கி, பிடித்ததெல்லாம் வாய்வழியே வெளியேறும்.
- 0.5 மி.மீ. சல்லடை, இரண்டு வாளிகள், வெள்ளை நிறத் தட்டு. தட்டு வெள்ளையாக இல்லாவிட்டால் பாதி உயிர்கள் கண்ணில் படாது.
- மெல்லிய சாமணம், அகன்ற வாயுள்ள சொட்டுக்குழாய், 10 மடங்கு லென்ஸ். கிடைத்தால் ஒரு ஸ்டீரியோ நுண்ணோக்கி.
- அகன்ற வாயுள்ள மூடிப்புட்டிகள், 95 சதவீத எத்தனால்.
- வெப்பமானி, பி.எச். மீட்டர், மின்கடத்துதிறன் மீட்டர், கரைந்த ஆக்சிஜன் மீட்டர்.
- நிறுத்துக் கடிகாரம், பென்சில், தடித்த தாள், முழங்கை வரை வரும் கையுறை, வழுக்காத ரப்பர் பூட்ஸ்.

பென்சில் சிறிய விஷயமாகத் தோன்றும். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும், பெயரில்லாத புட்டி வெறும் குப்பை. இடம், தேதி, எடுத்தவர், எடுத்த முறை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி, தாளைப் புட்டியின் உள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டிய சீட்டு உரிந்துவிடும்.

கழிவுநீர் கலக்கும் ஓடையில் தனியாக இறங்காதீர்கள். நீர் முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் அன்று வேலை வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீர்புகாமல் மூடுங்கள், எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக நுழையும். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் உயிர்களைச் சேகரிக்க அனுமதி தேவைப்படும், முன்பே வாங்கிவிடுங்கள்.

4. காலை நனைக்கும் முன் நீரளவுகள்

வெப்பநிலை, பி.எச்., மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றை முதலில் அளந்து, மணியோடு எழுதுங்கள். தரையைக் கிளறிய பிறகு அளந்தால் வண்டலிலிருந்து எழும் பொருள்கள் அளவைக் கெடுத்துவிடும்.

ஆக்சிஜன் எண்ணை வெப்பநிலையோடு சேர்த்தே படிக்க வேண்டும். 10 டிகிரி செல்சியஸில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 11.3 மி.கி. வரை ஆக்சிஜனைத் தாங்கும், 20 டிகிரியில் 9.1, 30 டிகிரியில் 7.6 மட்டுமே. ஆகவே 7.5 என்ற அளவு வெதுவெதுப்பான ஓடையில் நிறைவு, குளிர்ந்த ஓடையில் பற்றாக்குறை.

பகலில் எடுத்த ஆக்சிஜன் அளவை அதிகம் நம்பவும் வேண்டாம். பாசி மண்டிய ஓடையில் மதியம் ஆக்சிஜன் நிறைவைத் தாண்டியே இருக்கும். பாசியும் பாக்டீரியாவும் இரவெல்லாம் சுவாசிப்பதால், விடியலுக்குச் சற்று முன் அது அடிமட்டத்துக்கு வந்திருக்கும். பூச்சி சாவது அந்த விடியலில், மீட்டர் காட்டுவது மதியத்தை.

5. வலைபோடுதல்

தேர்ந்தெடுத்த பகுதியின் கீழ்முனையில் தொடங்கி, ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி நகருங்கள். மேலிருந்து கீழே வந்தால், உங்கள் காலே அடுத்து மாதிரி எடுக்க வேண்டிய இடத்தைக் கலக்கியிருக்கும்.

வலையின் வாய் ஓட்டத்தை நோக்கி, சட்டம் தரையில் படிந்து இருக்க வேண்டும். வலைக்கு முன்னால், அதாவது நீர் வரும் பக்கம் நின்று, குதிகாலால் கற்களைக் கிளறுங்கள். விரல் ஆழத்துக்குத் தரை அசைய வேண்டும். கிளம்பிய உயிர்களை ஓட்டமே வலைக்குள் கொண்டு சேர்க்கும்.

கால அளவு: மொத்தம் 3 நிமிடம் கிளறல், பிறகு 1 நிமிடம் கையால் தேடல். அந்த 3 நிமிடத்தை ஒரே குழியில் செலவழிக்காமல், நடு, ஓரம், வேகமான பகுதி, மெதுவான பகுதி என்று பிரியுங்கள். நகரும்போது கடிகாரத்தை நிறுத்துங்கள். கையால் தேடும் நிமிடத்தில் பெரிய கற்களை எடுத்து, வலையின் வாயில் பிடித்து, அடிப்புறத்தைத் தேயுங்கள். கல்லோடு ஒட்டிக் கூடு கட்டும் கேடிஸ்ஃப்ளை, நத்தை, தட்டையான மேஃப்ளை இளம்பூச்சி எல்லாம் உதைக்கு அசையாது.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, உழைப்பு மாறுவது. சுத்தமான இடத்தில் விதவிதமாகக் கிடைப்பதால் உற்சாகமாக 5 நிமிடம், நாற்றமடிக்கும் இடத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு 2 நிமிடம். பிறகு கீழே வகைகள் குறைவு என்று முடிவு. மூன்று இடத்திலும் ஒரே ஆள், ஒரே வலை, ஒரே கால அளவு என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

எண்ணிக்கையைப் பரப்பளவுக்குக் கணக்கிட வேண்டுமானால் இந்த முறை போதாது. அதற்கு 30 × 30 செ.மீ. சட்டமுள்ள சர்பர் வலையை ஒவ்வோர் இடத்திலும் பலமுறை வைத்து எடுக்க வேண்டும்.

6. கழுவுதல், பாதுகாத்தல்

வலையை வாளியில் கவிழ்த்து, ஓடை நீரால் அலசுங்கள். பெரிய கல்லையும் இலையையும் ஒவ்வொன்றாகக் கழுவி, ஏதும் ஒட்டியில்லை என்று பார்த்த பிறகே வீசுங்கள். மீதியைச் சல்லடையில் வடித்துப் புட்டிக்கு மாற்றுங்கள்.

புட்டியில் பாதிக்கு மேல் மாதிரியை அடைக்க வேண்டாம். உயிர்களின் உடலிலும் இலைகளிலும் உள்ள நீர் எத்தனாலை நீர்க்கச் செய்துவிடும். ஓடைக்கரையில் 95 சதவீதம் ஊற்றுவது, கடைசியில் அது 70 சதவீதத்துக்குக் கீழே போகாமல் இருக்கத்தான். மறுநாள் பழையதை வடித்துப் புதிது ஊற்றுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் ஒரு வாரத்தில் மேஃப்ளைகளின் செவுளும் வாலும் உதிர்ந்து, அடையாளம் காண ஒன்றும் மிஞ்சாது.

அடுத்த இடத்துக்குப் போகுமுன் வலையை உள்வெளியாகத் திருப்பிக் கழுவுங்கள். மடிப்பில் ஒட்டிய ஒரே ஒரு ஸ்டோன்ஃப்ளை, மாசுபட்ட இடத்தின் மதிப்பெண்ணை உயர்த்திவிடும். வேறு ஓடைக்குப் போவதென்றால் பூட்ஸையும் வலையையும் முற்றிலும் உலர்த்துங்கள், அயல் நத்தைகள் இப்படித்தான் பரவுகின்றன.

7. தட்டில் பிரித்தல்

மாதிரி முழுவதையும் எண்ண வேண்டியதில்லை. அடியில் சம கட்டங்கள் வரைந்த தட்டில் சீராகப் பரப்பி, சீட்டுக் குலுக்கிக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றிலுள்ள எல்லாவற்றையும் பொறுக்குங்கள். 200 உயிர்கள் சேர்ந்ததும், கையிலுள்ள கட்டத்தை முடித்துவிட்டு நிறுத்தலாம். 200-ஐத் தொட்ட நொடியில் நிறுத்தினால், பெரியவற்றை முதலில் பொறுக்கியிருப்பீர்கள், சிறியவை விடுபடும்.

கண் இயல்பாகவே பெரியதையும் அசைவதையும் தேடும். நிறமற்ற சிறு கைரோனமிட் புழுக்களும் (கொசு போன்ற, கடிக்காத ஈயின் இளம்பருவம்) மெல்லிய மண்புழு வகைகளும் இப்படித்தான் கணக்கில் விழாமல் போகின்றன. மாசுக்கு அவைதான் முக்கியச் சாட்சி என்பதால், நீங்கள் அறியாமலே ஓடையைச் சுத்தமாகக் காட்டிவிடுவீர்கள். பொறுக்கி முடித்த கட்டத்தை இன்னொருவர் ஒருமுறை பார்க்கட்டும்.

வெற்று நத்தை ஓடு, உரித்த தோல், ஆளில்லாத கேடிஸ் கூடு ஆகியவற்றை எண்ணக் கூடாது. அவை மேலிருந்து மிதந்து வந்தவையாக இருக்கலாம்.

8. இனங்காணல்

குடும்ப அளவில் பிரித்தால் பெரும்பாலான கேள்விகளுக்குப் போதும். முதலில் கால்களைப் பாருங்கள்.

மூட்டுள்ள ஆறு கால்கள், வயிற்றின் பக்கவாட்டில் செவுள்கள், பெரும்பாலும் மூன்று வால், காலின் நுனியில் ஒற்றை நகம்: மேஃப்ளை. ஆறு கால்கள், இரண்டு வால், ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம், வயிற்றின் பக்கவாட்டில் செவுள் இல்லை: ஸ்டோன்ஃப்ளை. வாலை மட்டும் எண்ணி முடிவு செய்யாதீர்கள். வால் எளிதில் ஒடியும், இரண்டு வாலோடே பிறக்கும் மேஃப்ளைகளும் உண்டு. நகம் பொய் சொல்லாது.

ஆறு கால்கள், மென்மையான புழு உடல், பின்முனையில் ஒரு ஜோடிக் கொக்கி: கேடிஸ்ஃப்ளை. கூடு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பின்முனையில் இலை போன்ற மூன்று தகடுகள் இருந்தால் ஊசித்தட்டான், குண்டு உடலும் முகத்தின் அடியில் மடங்கிய பிடிதாடையும் இருந்தால் தட்டான்.

மூட்டுள்ள கால் இல்லாமல், முன்னும் பின்னும் ஒரு ஜோடிப் போலிக்கால் மட்டும் இருந்தால் கைரோனமிட். ரத்தச் சிவப்பானவற்றைத் தனியாக எண்ணுங்கள், காரணம் 10-ஆம் பகுதியில் வரும். பின்பக்கம் பருத்து, கல்லில் ஒட்டி நின்று, தலையிலுள்ள விசிறியால் உணவு வடிப்பது கருப்பு ஈயின் புழு. இரு முனையிலும் உறிஞ்சி இருந்தால் அட்டை, எதுவுமில்லாத வளைய உடல் என்றால் மண்புழு இனம்.

நத்தையைக் கூர்முனை மேலே, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் இடப்பக்கம் திறந்து, மூடி இல்லாமல் இருந்தால் ஃபைசிடே. அது நுரையீரலால் காற்றைச் சுவாசிப்பதால், நீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். வாயில் மூடித்தகடு உள்ளவை பொதுவாகச் செவுளால் சுவாசிப்பவை, அவ்வளவு தாங்காது.

9. கணக்கு

மூன்று எண்கள் போதும்.

*வகைகளின் எண்ணிக்கை.* எத்தனை குடும்பங்கள் கிடைத்தன என்பது.

*மூவினக் குடும்பங்கள்.* மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை மூன்றிலும் சேர்த்து எத்தனை குடும்பங்கள். சதவீதத்தைவிடக் குடும்ப எண்ணிக்கை நம்பகமானது. இந்த மூவினத்திலேயே பெய்டிடே மேஃப்ளையும் ஹைட்ரோப்சைக்கிடே கேடிஸும் மிதமான கழிவைத் தாங்கிப் பெருகும். அப்போது சதவீதம் உயரும், ஓடை கெட்டிருக்கும்.

*குடும்பச் சராசரி மதிப்பெண்.* பி.எம்.டபிள்யூ.பி. (Biological Monitoring Working Party) என்ற மதிப்பெண் முறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் சகிப்புத்தன்மையைப் பொறுத்து 1 முதல் 10 வரை மதிப்பெண். மாசைத் தாங்காதவற்றுக்கு 10, எதையும் தாங்கும் மண்புழு இனத்துக்கு 1. மொத்தத்தைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி.

கற்பனையாக ஒரு கணக்கு. மேல் இடத்தில் ஹெப்டஜீனியிடே (தட்டையான மேஃப்ளை) 10, பெர்லிடே (ஸ்டோன்ஃப்ளை) 10, ஹைட்ரோப்சைக்கிடே 5, எல்மிடே வண்டு 5, பெய்டிடே 4, கைரோனமிடே 2. மொத்தம் 36, ஆறு குடும்பங்கள், சராசரி 6.0. கீழ் இடத்தில் ஹைட்ரோப்சைக்கிடே 5, பெய்டிடே 4, எர்போப்டெல்லிடே அட்டை 3, ஃபைசிடே 3, கைரோனமிடே 2, மண்புழு இனம் 1. மொத்தம் 18, அதே ஆறு குடும்பங்கள், சராசரி 3.0. வகைகளை மட்டும் எண்ணியிருந்தால் இரண்டும் ஒன்று என்றே எழுதியிருப்பீர்கள்.

இந்த மதிப்பெண் பட்டியல் பிரிட்டனின் ஆறுகளுக்காக உருவானது. உங்கள் நிலப்பகுதிக்குத் திருத்திய பட்டியல் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். எந்தப் பட்டியலானாலும், மேல் இடத்துக்கும் கீழ் இடத்துக்கும் உள்ள இடைவெளிதான் பேசும். தனி எண்ணைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம்.

இன்னொன்று: இந்த முறை கரிமக் கழிவையும் ஆக்சிஜன் குறைவையும் மனத்தில் வைத்து அமைந்தது. மற்ற மாசுகளுக்கு அது ஏமாற்றும். அதனால்தான் அடுத்த பகுதி.

10. எது காணாமல் போயிருக்கிறது?

மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், மேல் இடத்துப் பட்டியலையும் கீழ் இடத்துப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விடுபட்ட பெயர்களைக் குறியுங்கள். எல்லா மாசும் ஒரே உயிரைக் கொல்வதில்லை.

சாக்கடை, பால், சர்க்கரை போன்ற கரிமக் கழிவு. பாக்டீரியா அதைச் சிதைக்கும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும். முதலில் ஸ்டோன்ஃப்ளை போகும், பிறகு தட்டையான மேஃப்ளைகள். கடைசியில் மிஞ்சுபவை மூன்று: மண்புழு இனத்தைச் சேர்ந்த ட்யூபிஃபெக்ஸ் புழு, சிவப்புக் கைரோனமிட், நீர்மட்டத்துக்கு மூச்சுக்குழாய் நீட்டும் எலிவால் புழு. முதலிரண்டின் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். குறைந்த ஆக்சிஜனையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். வகைகள் குறைந்து எண்ணிக்கை பெருகுவது இந்த மாசின் கையெழுத்து, ஏனெனில் உணவு ஏராளம், போட்டியும் வேட்டையாடிகளும் இல்லை. கற்களில் சாம்பல் நிறப் பஞ்சு போன்ற வளர்ச்சி இருந்தால் ஐயமே வேண்டாம். கீழே போகப் போகப் புழு குறைந்து, அட்டையும் நத்தையும் வந்து, பிறகு பெய்டிடே, ஹைட்ரோப்சைக்கிடே திரும்பும். இந்த வரிசை தெரிகிறதா என்று பார்க்கத்தான் மூன்றாவது இடம்.

வண்டல். கற்களுக்கிடையே உள்ள சந்துகள் அடைபடும். ஒளிய இடமில்லை, ஆக்சிஜன் உள்ளே போவதில்லை, கேடிஸ் வலைகள் அடைத்துக்கொள்ளும். கீனிடே மேஃப்ளை மட்டும் பெருகியிருந்தால் வண்டலைச் சந்தேகியுங்கள். அதன் முன்செவுள் மூடிபோல் மற்றவற்றைக் காக்கிறது. மேஃப்ளையைப் பார்த்ததும் "சுத்தம்" என்று எழுதுபவர்கள் சறுக்கும் இடம் இது.

உலோகங்கள். செம்பு, துத்தநாகம், காட்மியம் போன்றவை வந்தால் வகையும் எண்ணிக்கையும் சேர்ந்தே சரியும். ஹெப்டஜீனியிடே முதலில் மறையும், நத்தைகளும் நிற்காது. சில கேடிஸ் வகைகளும் கைரோனமிட்களின் சில பிரிவுகளும் தாங்கும். நீர் கண்ணாடிபோல் தெளிவாகவும் தரை வெறுமையாகவும் இருந்தால் இதை நினையுங்கள்.

அமிலம். பி.எச். 5.5-க்குக் கீழே போனால் நத்தை, மட்டி, காமரஸ் இறால், பெரும்பாலான மேஃப்ளைகள் இருக்காது. ஓடு கட்டச் சுண்ணாம்பு கிடைக்காது, உடலின் உப்புச் சமநிலையும் குலையும். ஆனால் லூக்ட்ரிடே, நெமூரிடே போன்ற ஸ்டோன்ஃப்ளைகள் நன்றாகவே வாழும். அவற்றின் மதிப்பெண் 10, 7. எனவே சராசரி உயர்வாகவே இருக்கும், ஓடை பாதி செத்திருக்கும். ஸ்டோன்ஃப்ளை நிறைய இருந்து மேஃப்ளையும் நத்தையும் இல்லையென்றால், பி.எச். ஏட்டை மறுபடி திறந்து பாருங்கள்.

பூச்சிக்கொல்லி. பூச்சிகளும் இறால் வகைகளும் ஒருசேரக் காணாமல் போகும். நத்தை, அட்டை, மண்புழு இனம் அப்படியே இருக்கும். ஆக்சிஜன் சரியாக இருக்கும், மின்கடத்துதிறனும் மாறாது. மருந்து ஒரு மழையில் வந்து சில மணி நேரத்தில் கடந்து போயிருக்கும் என்பதால், நீரைச் சோதித்தால் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. உயிர்ப் பட்டியல்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். பைரெத்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் கொடிய நஞ்சு, மீன் செத்து மிதந்த தகவல் இருந்தால் தேதியோடு குறித்துவையுங்கள்.

உரச்சத்து மிதமாகக் கலந்தால் பாசி தின்னும் நத்தைகளும் பெய்டிடேவும் பெருகும், எண்ணிக்கை ஏறும். இது மாசின் தொடக்கநிலை, பலர் இதை வளம் என்று படித்துவிடுகிறார்கள்.

ஓர் ஓடையில் இரண்டு மூன்று மாசுகள் கலந்தும் இருக்கும். அப்போது ஒரே பெயரைத் தேடாதீர்கள். எந்தக் குழு எந்த இடத்தில் விடுபட்டது என்பதை மட்டும் அப்படியே எழுதி, நீரளவுகளையும் பக்கத்தில் வையுங்கள்.

11. அறிக்கைக்கு முன்

"ஸ்டோன்ஃப்ளை கிடைக்கவில்லை" என்பதும் "ஸ்டோன்ஃப்ளை இல்லை" என்பதும் வேறு. கீழ் இடத்தில் ஒரே மாதிரியை வைத்து இல்லை என்று எழுத வேண்டாம். ஒவ்வோர் இடத்திலும் மூன்று தனித்தனி மாதிரிகள் எடுத்து, அவற்றுக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று பாருங்கள். அந்த வேறுபாடு, மேல் கீழ் இடைவெளிக்குச் சமமாக இருந்தால் முடிவு சொல்ல முடியாது.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு மூன்று உயிர்களைத் தனிப் புட்டியில், சீட்டோடு, புது எத்தனாலில் வையுங்கள். உங்கள் பெயரிடலை யாராவது கேள்வி கேட்டால் காட்ட வேறு ஆதாரம் கிடையாது. எத்தனால் ஆவியாகும், ஆண்டுக்கு ஒருமுறை மட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள்.